இரு பெயர் தாங்கிய உடை

ஜோகூர்ப் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில், ‘ஓங் சண்முகம்’ என்றோர் உடைக்கூடம் உண்டானதை வாசகர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். மலேசியாவிற் பிறந்து, சட்டம் பயின்று, பின்னர் ஊசியும் நூலும் கையிலெடுத்த பிரிசில்லா சண்முகம் அம்மையார் 2010-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஓங் என்பது சீனத் தாயாரின் குடிப்பெயர். சண்முகம் என்பது இந்தியத் தந்தையார் வழி வந்தது. இவ்வுடைகளை ‘அணியும் கலை’ என்று போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் எவ்வளவு பொருளுண்டு என்பதே நம் ஆராய்ச்சி.

முதலிற் பெயரைக் கவனிப்போம். தோட்டத்து அலுவலகத்தில் நாம் நிரப்பும் தாள்களில் ‘இனம்’ என்றொரு கட்டமுண்டு. அதில் ஒரு சொல்லுக்கே இடம். சீனத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் இனத்தை எழுதியதும், தாய் அத்தாளில் இல்லாதவளாகிறாள். நம்மவர் வீட்டிற்குள்ளும் இதே கணக்குத்தான். கல்யாணத்திற்கு ஜாதி பார்க்கும் பெரியோர், கலப்பிற் பிறந்த பேத்தியை ‘அந்தப் பக்கத்துப் பிள்ளை’ என்று பேசுவதை எத்தனை லயங்களிற் கேட்கிறோம்! இச்சூழலில் தாய் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னுமாக வைத்துக் கடை திறந்தது துணிவான செயலே.

இனி உடைக்கு வருவோம். அம்மையார் பெயர் பெற்றது சியோங்சாம் உடையால். 1920-களில் ஷாங்காய் நகரில் உருப்பெற்ற அவ்வுடை, உடலையொட்டி வெட்டித் தைக்கப்படுவது. நம் சேலையும் வேட்டியுமோ கத்தரி படாதவை. நெய்தவன் கொடுத்தபடியே உடுப்பவை. இவ்விரண்டும் ஓருடையிற் சேர வேண்டுமாயின் ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். அம்மையார் சீன வெட்டை வைத்துக்கொண்டு, பாத்திக் முதலிய துணிகளை அதற்குப் பொருத்துகிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் வெட்டில் தாய் முழுமையாக நிற்க, தந்தை வழி வண்ணமாக மட்டும் வந்து போகிறது என்பது நம் அபிப்பிராயம்.

மரபைக் கெடுத்தார் என்று சொல்வார்க்கு நம் ஜோகூரே விடை. கழுத்துப்பட்டையில்லாத, விலாங்கெலும்புத் தையலிட்ட தெலுக் பிளாங்கா பாஜு, பின்னாளிற் சுல்தானான அபூபக்கர் 1866-இல் ஏற்படுத்தியது என்பர். அதற்கு முன் அது மரபன்று!

நாம் குறைகூறுவது வேறொன்றை. மலாய் அன்பர்கள் தொழுகைக்கும் வீட்டிற்கும் உடுக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது வேறெதுவுமன்று, நம் சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடு. உலாந்தாக்காரர் 1613-இல் அங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, அக்கரைத் துணிகளை இத்தீவுகளுக்கு ஏற்றிவந்து வாசனைச் சரக்குகளுக்கு மாற்றினர். தமிழ் நெசவு மலாய் இடுப்பில் ஏறி நூற்றாண்டுகளாயின. அதனை ‘அணியும் கலை’ என்றவர் யார்? பன்முகப் பண்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதும் பத்திரிகைகள் வடிவமைத்தவர் பெயரை மறவாமற் சொல்கின்றன. நெய்த கையையும் சாயமிட்ட கையையும் சொல்வது அருமை.

2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் செம்பனைத் தோட்டத்துப் பெண் இவ்வுடையை வாங்கப்போவதில்லை. அவள் வீட்டுக் கொடியிற் காயும் கைலியிலோ பழவேற்காட்டுக் கட்டம் இருக்கிறது. அக்கட்டத்தைக் கத்தரி படாமலே ஓர் உடையாக்க அம்மையார் முனைவாராயின், பாலத்து நெரிசலிற் காத்து நின்றேனும் அதனைப் பார்த்துவர நாம் ஆயத்தம்.