சேறு ஒட்டிய சால்

வெள்ளவத்தையில் புத்தக வெளியீடுகளுக்குப் போனால் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழுகிறது: வயலைக் காணாத கொழும்புத் தமிழருக்கு உழவுச் சொற்கள் எதற்கு? ‘சால்’ என்று எழுதுவது வெறும் பழம்பெருமையாம். இதற்கு எதிரணியில் நிற்கும் மண்வாசனைக்காரர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. இரு தரப்புக்குமே சால் ஓர் அலங்காரம்.

சால் என்பது கொழு கிழித்துச் சென்ற தடம். ஏர் திரும்பி வரும்போது முதற்சாலை ஒட்டியே அடுத்தது விழவேண்டும். இடையில் உழாத நிலம் விட்டுப்போனால் அங்கே புல் முளைத்து உழவனைக் காட்டிக்கொடுக்கும்.

புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் போய், உன் படை பெறும் வெற்றியே உழுபடையின் சாலில் விளைந்ததுதான் என்கிறார். நிலவரி பாக்கி தள்ளுபடியாகிறது. அங்கே சால் உவமையன்று, வழக்காடும் சான்று. வள்ளுவர் புலவரைச் சொல்லால் உழுபவர் என்றபோது ஏர் உருவகமாயிற்று. கம்பரில் சனகன் வேள்விக்காகப் பல சால் உழுகிறான். நுகம் பளிங்கு, கலப்பை பொன், கொழு வயிரம். மகா கவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொழுவில் சேறு ஒட்டாது. சீதை என்றாலே வடமொழியில் சால் என்பது நம் கதாப்பிரசங்கங்களில் அபூர்வமாகவே காதில் விழுகிறது. சிங்களவர் உழுவதைச் சொல்லும்போது அந்தச் சொல்லின் மிச்சம் இன்னும் ‘சீ’ என்று ஒலிக்கிறது.

பிறகு வந்தவர்கள் சாலை நெற்றிக்கு ஏற்றினார்கள். சிறுகதையில் ஏழைக் கிழவர் வந்தால் நெற்றியில் உழவுசால் கட்டாயம். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தொடங்கியது; விமர்சகர் கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானதும் தேசிய இலக்கியக் குரலுக்கு ஒரு நாளிதழே கிடைத்தது. பேச்சுத் தமிழ் அச்சேறியது அக்காலத்தின் பெரும் பேறு. ஆனால் ‘மண்’ என்பது கொடியில் எழுதும் சொல்லாயிற்று. கொடிக்கு ஈரம் எதற்கு?

இந்த ஆரவாரத்துக்கு வெளியே, கிழக்கிலங்கையின் பெரிய நீலாவணையில், ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிக்கொண்டிருந்தார். நீலாவணன் (1931–1975). அவருடைய ‘வேளாண்மை’ முற்றுப்பெறாமல் நின்ற காவியம். அவர் இறந்த பின் 1982இல்தான் நூலாயிற்று. கிழக்கில் வேளாண்மை என்றால் தொழில் மட்டுமன்று, வயலில் நிற்கும் நெல்லும்தான். இந்த இரட்டைப் பொருளே அவருக்குப் போதுமாக இருந்தது. வயல் அங்கே பின்னணிச் சீலையன்று. கல்யாணப் பேச்சும் குடும்ப மானமும் அதன் வரம்பிலேயே நடக்கின்றன. ஈழத்துக் கவிஞர் ‘மஹாகவி’யைப் பேசுவோரில் பாதிப் பேராவது இவரைப் பேசவேண்டும். கொழும்பின் விமர்சனம் அவரை ‘பிராந்தியக் கவிஞர்’ என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டது. தலைநகரமும் ஒரு பிராந்தியம்தான் என்பது அதற்குத் தெரியாது.

எழுத வருகிறவர்கள் நாகனாரிடமும் நீலாவணனிடமும் போகட்டும் என்பேன். சொல்லின் வேலை தெரிந்தவன் அதை எந்தத் தெருவிலும் புழங்கலாம்.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர், கல்முனைப் பக்கத்தவர். ஊரில் இப்போதும் சால் உண்டா என்று கேட்டேன். “லான்ட்மாஸ்டர் மிசின் சேத்தக் கலக்கும் சேர், சால் விடாது” என்றார். பேசியபடியே கடன் கொப்பியில் அடிமட்டம் இல்லாமல் ஒரு கோடு இழுத்தார். அது பாதியில் வளைந்தது. “சே, சால் கோணிப் போச்சு” என்று அடுத்த தாளைப் புரட்டினார்.