ஒருவர் சொல்லி ஒருவர் படித்தது

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஓர் உரையாடலைத் தமிழ் வாசகர் பலரும் அறிவார்கள். முன்சீப் வேலைக்கு மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் போகிறார். அப்போது அவருக்கு வயது 25. யாரிடம் பாடம் கேட்டீர்கள், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, இவற்றுக்கு முந்தைய நூல்களைப் பார்த்ததுண்டா என்கிறார். சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். ஐயர் அதைப் பார்த்ததே இல்லை.

ஐயரின் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் வரும் இந்தக் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதற்குப் பிறகு முதலியார் செய்தவற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். ஐயரோடு உட்கார்ந்து தாமும் பாடம் கேட்டார். விளங்காத இடங்களுக்கு ஐயர் ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போனார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அந்த வேலை நீண்டது. ஒருவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்பது, அடுத்து அவர் படிக்க வேண்டியதைச் சொல்வது, பிரதியைக் கையில் கொடுப்பது, படித்து முடிக்கும்வரை கூட இருப்பது என இந்த நான்கையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். நூல் பரிந்துரைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் வந்த முயற்சிகளை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

நம் இலக்கிய வரலாறுகள் எழுதியவரைப் பேசுகின்றன. பதிப்பித்தவரையும் ஓரளவு பேசுகின்றன. ‘இதைப் படி’ என்று சொன்னவருக்கு அவற்றில் இடம் குறைவு. பள்ளியும் பல்கலைக்கழகமும் நவீன இலக்கியத்தை வெகுகாலம் கண்டுகொள்ளாத மொழியில், பெரும்பாலான நல்ல புத்தகங்கள் வாய்வழியாகவும் கைவழியாகவுமே வாசகரிடம் வந்திருக்கின்றன.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி அப்படி ஒரு இடம். வக்கீல்களும் அதிகாரிகளும் அங்கே கம்பனைக் கேட்க வந்தார்கள். ஒரே செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் மனத்தில் அது இறங்கும்வரை டி.கே.சி. விடமாட்டார். கம்பன் பாடல்களில் கைவைத்துத் திருத்திய அவருடைய துணிச்சலை ஏற்க முடியாதவர்களும், படிப்பறையில் கிடந்த காப்பியத்தை அவர் பேச்சுக்குள் கொண்டுவந்ததை மறுக்கமாட்டார்கள்.

இதே காலத்தில் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு, பரிந்துரையை ஒரு துறையாகவே வகுத்தார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து நூலகவியல் விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை. நூலகர் வாசகரின் பக்கத்தில் நின்று அவருக்கு என்ன தேவை என்று கேட்டறிய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது; சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. கட்டடங்களும் நூல் கொள்முதலும் அந்தச் சட்டத்தால் பெருகின. பக்கத்தில் நின்று பேசும் நூலகர் மட்டும் விதிவிலக்காகவே இருந்துவிட்டார். ஒற்றை ஆளாகக் கிளை நூலகத்தைத் திறந்து, பதிவேடு எழுதி, நாளிதழ் அடுக்கி, பூட்டிவிட்டுப் போகிறவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

அரசு செய்யாததை இயக்கங்கள் தங்கள் வழியில் செய்தன. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டார்கள். முடிதிருத்தகங்களும் தேநீர்க் கடைகளும் அதே வேலையைச் செய்தன. வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டும் என்று அண்ணா வானொலியில் பேசினார். இடதுசாரிகள் வழியாகச் சோவியத் நூல்கள் மலிவு விலையில் ஊர் ஊராக வந்தன. ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’, ரா. கிருஷ்ணையாவின் ‘புத்துயிர்ப்பு’, ‘வெண்ணிற இரவுகள்’ ஆகியவற்றைத் தோழர் ஒருவர் கையிலிருந்து வாங்கிப் படித்தே எழுத வந்தேன் என்று சொல்லும் எழுத்தாளர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருக்கிறார்கள்.

பெண்களின் வாசிப்பு வழி தனியாகப் பேச வேண்டியது. வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ வீட்டுக்கு வீடு கைமாறிய இதழ். பிறகு கல்கியிலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, படங்களோடு சேர்த்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தார்கள். 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ பல குடும்பங்களில் இப்படித்தான் பாதுகாக்கப்பட்டது. அந்த பைண்டு வால்யூம் எந்த வீட்டுக்குப் போனது, யார் யாருக்குச் சிபாரிசு செய்தார்கள், எதைப் பாதியில் வைத்தார்கள் என்பதற்கு எழுத்துப் பதிவு ஏதும் இல்லை. விமர்சகர்களின் பட்டியல்களை ஆராய்கிறோம். இந்த வாசகிகளின் தேர்வை ஆராய எவரும் முனையவில்லை. இது பெரிய குறை. ஐம்பது, அறுபதுகளில் தமிழ்ப் புனைகதையைத் தாங்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டியல் என்றதும் விமர்சகர் க.நா.சு.வின் பெயர்தான் வரும். வார இதழ்களின் விற்பனை எண்ணிக்கையே தரத்தின் சான்று என்றிருந்த காலத்தில், புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி என்று அவர் விடாமல் பெயர்களைச் சொன்னார். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ போன்ற சிறு நாவலை முன்னால் எடுத்து வைத்தார். தமிழுக்கு வெளியிலிருந்து செல்மா லாகர்லெவ், நட் ஹாம்சன், பேர் லாகர்குவிஸ்ட் ஆகியோரைத் தாமே மொழிபெயர்த்துத் தந்தார். ‘அன்பு வழி’யும் ‘மதகுரு’வும் ‘நிலவள’மும் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெயர்களைச் சொல்கிறார், காரணத்தைச் சொல்வதில்லை என்பது அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனத்தை வலியுறுத்தியதும், க.நா.சு. ரசனையையே உரைகல்லாகக் கொண்டதும் தமிழ் விமர்சனத்தின் நல்ல சண்டைகளில் ஒன்று.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொன்னவர்கள் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற அவருடைய புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு நூலாக எடுத்து, எளிய பேச்சு நடையில், வாசகருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதிய கட்டுரைகள் அவை. பட்டியல் போடும் க.நா.சு.வைவிட இந்த க.நா.சு. பெரியவர் என்பது என் கணிப்பு. அவருக்குப் பின் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் பட்டியலைத்தான். தலைசிறந்த நூறு நாவல், நூறு சிறுகதை என்று எத்தனையோ வந்துவிட்டன. புதிதாகப் படிக்க வருகிறவருக்கு அவை உதவுகின்றன. ஆனால் நூறு பெயர்களைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்ற திகைப்பும் வருகிறது. எஸ். ராமகிருஷ்ணன் விகடனில் எழுதிய ‘கதாவிலாசம்’ அதைத் தவிர்த்தது. தம் அனுபவம் ஒன்றோடு ஒரு கதையைச் சேர்த்துச் சொல்லி, சிற்றிதழ்ப் பக்கமே வராத பெருவாரியான வாசகர்களுக்கு நவீனச் சிறுகதையின் வாசலைத் திறந்தார். கணையாழியின் கடைசிப் பக்கங்களிலும், பிறகு ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும் சுஜாதா செய்ததும் இதுவே. அவர் ஒரு கவிதையை எடுத்துச் சொன்னால், எழுதியவர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது.

செல்லப்பாவின் வழி வேறு. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 119 இதழ்கள் கொண்டுவந்தார். நூல்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அறுபதுகளில் நடத்திய வாசகர் வட்டம், உறுப்பினர்களுக்கு நேரடியாக நூல்களை அனுப்பியது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அதன் வெளியீடு. 1970 முதல் சென்னையில் இயங்கிவந்த இலக்கியச் சிந்தனை, மாதாமாதம் இதழ்களில் வெளியான கதைகளை ஒருவரைப் படிக்கச் செய்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து காரணத்தோடு கூட்டத்தில் சொல்ல வைத்தது. ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் தொகுப்பாயின. ஒரு மாதத்துக் கதைகள் அனைத்தையும் படித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை ஒரு வாசகருக்குக் கொடுத்ததே அந்த அமைப்பின் பெரிய சேவை.

பரிந்துரை பிந்திப்போனால் என்ன நேரும் என்பதற்கு நாவலாசிரியர் ப. சிங்காரம் சாட்சி. தென்கிழக்காசியாவில் போர்க்காலத்தைக் கண்டவர். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல்தான் வெளியாயிற்று. வெளிவந்த பிறகும் பேச்சில்லை. சில எழுத்தாளர்களும் சிற்றிதழ் வாசகர்களும் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் விமர்சகர் சி. மோகன் தமிழின் தலையாய நாவல்களில் ஒன்று என்று அதை எழுத்தில் வைத்து வாதாடினார். அதன்பின் பிரதி தேடும் படலம் தொடங்கியது. கிடைத்த ஒரு பிரதியைப் பலர் முறைபோட்டுப் படித்தார்கள். தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தபோது சிங்காரம் உயிரோடு இல்லை. 1997 கடைசியில் காலமாகிவிட்டார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். தொடக்கத்திலேயே நாலு பேர் உரக்கச் சொல்லியிருந்தால் மூன்றாவது வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’, அவருடைய முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே நடந்தது. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே விற்றார். அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்கள் படத்தைப் போட்டு உள்ளே அவர்களைப் பற்றி எழுதச் செய்தார். இ. பத்மநாப ஐயர் ஈழத்து நூல்களைத் தமிழ்நாட்டுக்கும் இங்குள்ளவற்றை அங்கும் கொண்டுசேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக ஏற்றார். ஈழத்துக் கவிதை இங்கே பரவலாகப் படிக்கப்பட்டதற்குப் பின்னால் அவருடைய பார்சல்களும் பைகளும் இருக்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் அழிந்த சமூகத்தில், ஒரு பிரதியை இன்னொருவரிடம் சேர்ப்பது எத்தனை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்று பரிந்துரை எங்கும் நிறைந்திருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் முகநூல் முழுக்கப் பட்டியல்கள். யூடியூபில் நூல் அறிமுகம் செய்யும் இளைஞர்கள் சிறு ஊர்களிலிருந்தும் பேசுகிறார்கள். அவர்களில் சிலர் நன்றாகவே படித்துவிட்டுப் பேசுகிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாசகர் குழுக்கள் கூடுகின்றன. தூத்துக்குடியில் முடிதிருத்தகம் நடத்தும் ஒருவர் கடையிலேயே நூலகம் வைத்து, காத்திருக்கும்போது படிப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார். இவை எல்லாம் மகிழ்ச்சி தருபவை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாங்கிய அன்றே அட்டைப்படம் பதிவாகிறது. படித்த பிறகு ஒரு வரியும் வருவதில்லை. நண்பரின் நூலுக்கு நண்பர் எழுதும் பாராட்டு, அணிந்துரையிலிருந்து அப்படியே திரைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. சந்தையில் இந்த மாதம் கிடைக்கும் நூலே பேசப்படுகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய நல்ல நூலை எடுத்துச் சொல்பவர்கள் அருகிவிட்டார்கள். பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்று மரியாதையோடு சொல்லும் பழக்கம் குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் புகழ்பவரின் பரிந்துரையை வாசகர் எதை வைத்து நம்புவார்? விற்பனைத் தளங்கள் காட்டும் ‘இதையும் வாங்கலாம்’ வரிசைக்கு நாம் வாங்கியது தெரியும்; படித்தோமா, என்ன ஆனோம் என்பது தெரியாது. பிடிஎஃப் அனுப்புவதைப் பகிர்தல் என்று நினைப்பவர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1,000, 1,200 பிரதிகள் என்றிருந்த முதல் பதிப்பு இன்று பல பதிப்பகங்களில் 300க்கும் கீழே வந்துவிட்டது. அந்த நிலையில் பத்துப் பேர் சொல்லிப் பத்துப் பிரதி விற்பது ஒரு எழுத்தாளருக்கு அடுத்த நூலுக்கான தெம்பைத் தரும்.

பொது நூலகத் துறையின் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல ஊர்களில் அது விழா நடத்துவதோடு நின்றுவிடுகிறது. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, படித்து முடித்தவர் அந்த நூலைப் பற்றி நாலு வரி எழுதலாம்: என்ன பிடித்தது, எங்கே தடுமாறியது, யாருக்கு இது பொருந்தும். அடுத்து வருபவர் அதைப் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். கொள்முதல் செய்யும்போது துறையும் அதைப் பார்க்கட்டும். இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இதைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்; முதல் பக்கத்தை நீங்களே எழுதுங்கள்.