தேசிங்கு ரசிகர் மன்றம்

உங்கள் வீட்டிலோ எதிர் ஃப்ளாட்டிலோ 'டோர்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர் யாராவது இருந்தால், சாப்பாட்டு வேளையில் ஜிம் மாரிஸன் பேச்சை எடுத்துவிடாதீர்கள். சாதம் ஆறிவிடும். 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய குழு. மாரிஸன் பாடியது ஆறே ஆறு ஸ்டூடியோ ஆல்பங்கள். 1971, ஜூலை 3-ம் தேதி பாரிஸில் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தார். வயது 27. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. இது போதாதா? 'ஆள் சாகவே இல்லை, எங்கேயோ தாடி வளர்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்' என்று சத்தியம் செய்ய ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள்.

பாரிஸில் பெர் லாஷேஸ் இடுகாட்டில் அவர் கல்லறைக்கு இன்றும் கூட்டம் வருகிறது. அங்கே வைத்திருந்த மார்பளவுச் சிலை 1988-ல் திருடுபோனது. பிரெஞ்சுப் போலீஸ் வேறு ஏதோ பண மோசடி வழக்கைத் துருவப்போய், 2025-ல் சிலை கிடைத்தது. முப்பத்தேழு வருஷம்! நம்ம ஊர் சிலைத் திருட்டு வழக்குகளுக்குக்கூட நம்பிக்கை தரும் செய்தி.

இந்த ரசிகர்கள் கூடிப் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட ஆளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எவ்வளவு அழகு, எவ்வளவு திமிர், எவ்வளவு சின்ன வயசு. பக்கத்தில் இருந்த நண்பன் யார். கடைசி ராத்திரி என்ன நடந்தது. எந்த நாட்டு ரசிகரானாலும் சொல்லும் வரிசை ஒன்றுதான்.

நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? திண்டிவனத்தில் மேற்கே திரும்பி செஞ்சிக்குப் போங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் 'இது யார் கோட்டைங்க?' என்று கேளுங்கள். 'தேசிங்குராஜா கோட்டை' என்பார், யோசிக்காமல்.

சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஆனந்தக்கோன் தொடங்கி, நாயக்கர்கள் பெரிதாக்கிக் கட்டி, பீஜப்பூர் சுல்தான் படை பிடித்து, 1677-ல் சிவாஜி கைப்பற்றி, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க ஔரங்கசீப்பின் சைனியம் ஏழு வருஷத்துக்கு மேல் வாசலில் காத்துக்கிடந்து, 1698-ல் நுழைந்த கோட்டை. அதற்கப்புறம் 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததுகூட மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகத்தான். மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில்.

இத்தனை பேருக்கு நடுவில் தேஜ்சிங் என்கிற தேசிங்கு ஆண்டது எவ்வளவு நாள்? முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை. அப்பா சொரூப்சிங், முகலாயர்களுக்காகச் செஞ்சியை நிர்வகித்த புந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் மகன் வந்து உட்கார்ந்தான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். பையன் தரமாட்டேன் என்றான். 1714, அக்டோபர் 3-ம் தேதி சண்டை. இந்தப் பக்கம் சில நூறு பேர், அந்தப் பக்கம் பல ஆயிரம். அன்றைக்கே கதை முடிந்தது. தேசிங்குக்கு வயது 22.

மாரிஸனைவிட ஐந்து வயசு சின்னவன். ஆனால் ரசிகர் மன்றம் முந்நூறு வருஷத்தைத் தாண்டி நடக்கிறது.

அந்த மன்றத்தின் சாசனம் என்று 'தேசிங்குராஜன் கதை'யைச் சொல்லலாம். பெரிய எழுத்துப் புத்தகமாக இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அச்சடித்து, திருவிழாக் கடைகளில் அல்லி அரசாணி மாலைக்குப் பக்கத்தில் அடுக்கி விற்றார்கள். ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கான புத்தகம். மனசுக்குள் படித்தால் பாதி சுவை போய்விடும். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருகிறதே என்று பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ராக் பாட்டிலும் பல்லவி திரும்பத் திரும்பத்தான் வருகிறது. கூட்டம் சேர்ந்து கேட்கும் எதற்கும் இந்தத் திரும்பச் சொல்லல் வேண்டியிருக்கிறது.

கதையில் ரசிகர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரை பாரசாரி. அதைச் சிறுவனாக இருக்கும்போதே அடக்கும் தேசிங்கு. உயிர் நண்பன் மோவுத்துக்காரன். (சரித்திரத்தில் மகபத் கான். வாய்க்கு வாய் மாறி இப்படி ஆகிவிட்டது. அன்பாகக் கூப்பிடும்போது எந்தப் பெயரும் சுருங்கும், நெளியும்.) அவனுக்கு நீலவேணி என்று ஒரு குதிரை. நண்பனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ச் செய்தி வருகிறது. மணமேடையைவிட்டு எழுந்து குதிரை ஏறுகிறான், திரும்பி வரவில்லை. கடைசியில் தேசிங்கு வாளை உயரே வீசி, மார்பில் ஏந்தி உயிர்விடுகிறான் என்கிறது கதை. சரித்திரக்காரர்கள் துப்பாக்கிக் குண்டு என்கிறார்கள். குண்டைக் கேட்டு யார் கைதட்டுவார்கள், சொல்லுங்கள்?

ஆனால், கதையை உண்மையாகவே படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். இந்தக் கதை தேசிங்குக்கு வெறும் ஜால்ரா போடவில்லை. அதுதான் இதன் பெருமை என்று நினைக்கிறேன்.

போருக்குப் போகுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போகிறான். 'இன்றைக்குப் போகாதே' என்கிறார் சாமி. இவன் கேட்கவில்லை. அங்கே பள்ளிகொண்ட பெருமாளின் தலை சாய்ந்திருப்பதைக் காட்டி, 'சொன்ன பேச்சைக் கேட்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அடுத்து மனைவி. கல்யாணமாகியும் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. நடுவில் திரையை வைத்துக்கொண்டே விடைபெறுகிறான். அப்புறம் பாதியில் நின்றுபோன நண்பனின் கல்யாணம்.

சேர்த்துப் பாருங்கள். சாமி தடுத்தது, மனைவி திரைக்குப் பின்னால் நின்றது, நண்பனுக்குத் தாலி கட்ட நேரமில்லாமல் போனது. 'இந்தப் பையன் அவசரப்படுகிறான், இதற்கு மற்றவர்கள் விலை கொடுக்கப்போகிறார்கள்' என்று கதை நம்மிடம் மூன்று தடவை சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவனுக்காக அழவும் செய்கிறது. குறை தெரிந்தும் நேசிக்கிறது. ரசனையில் இது மேலான படி.

அடுத்து வந்த ரசிகர்கள்தான் குறையை அழித்தார்கள். சினிமாவுக்கு வருவோம். 1960-ல் 'ராஜா தேசிங்கு' வந்தது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். தேசிங்கும் அவரே, தாவுத் கான் என்ற இன்னொரு வீரனும் அவரே. எம்.ஜி.ஆர். அவசரப்பட்டுத் தப்பு செய்வதாகக் காட்டினால் தியேட்டரில் திரை மிஞ்சுமா? அதனால் 22 வயசுப் பையனின் பிடிவாதம் போய், பக்குவப்பட்ட ஹீரோவின் நியாயம் வந்துவிட்டது. ஆலிவர் ஸ்டோன் 1991-ல் 'டோர்ஸ்' படம் எடுத்தபோது வேறு விதமாகத் தப்பு செய்தார். குடியும் ரகளையுமாக மாரிஸனைக் காட்டிவிட்டார் என்று குழுவின் கீபோர்டு கலைஞர் ரே மன்சாரெக்குக்குக் கோபம். ஒருவர் குறையை முழுக்கத் துடைத்தார், மற்றவர் குறையை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டிலும் ஆள் காணாமல் போய்விட்டான். பிறகு 2013-ல் விமல் நடித்து ஒரு 'தேசிங்கு ராஜா' வந்தது. அதில் பெயர் மட்டும்தான் மிச்சம். சண்டைக்கு நிற்பவனை 'மனசுல பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்பு' என்கிறோமே, அந்த அளவுக்கு.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இந்தச் சண்டையை இந்து ராஜா, முஸ்லிம் நவாப் என்று இரண்டாக வெட்டிப் பங்குபோட்டுப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். கதை அதற்கு இடமே தராது. தேசிங்குக்காக முதலில் குதிரை ஏறுகிறவன் முஸ்லிம். மோவுத்துக்காரனை எடுத்துவிட்டால் பாதிக் கதை இல்லை. அழுகை முழுசாகவே இல்லை. பக்கத்துக் கிராமத்தில் அந்த நண்பனின் சமாதி என்றும், குதிரையின் சமாதி என்றும் காட்டுகிறார்கள். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக எதிரியான நவாப்பே உண்டாக்கிய ஊர் ராணிப்பேட்டை என்றும் சொல்கிறார்கள். 2019-ல் அது தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. வரி பாக்கிக்காக நடந்த ஒரு சண்டையை எடுத்து, அதில் நட்பை மட்டும் முன்னால் வைத்தவர்கள் பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள். நம்மைவிட விவரமானவர்கள்.

அவர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பெண். கோட்டைக்குள் செட்டிக்குளம் கரையில், தேசிங்கைத் தகனம் செய்த இடம், அவள் தீயில் இறங்கிய இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். குதிரைக்கு எவ்வளவு வர்ணனை! பெயர், நிறம், பாய்ச்சல், எல்லாம். இவளுக்கு ஒரு திரையும் ஒரு தீயும்தான். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்க முந்நூறு வருஷமாக ரசிகர் மன்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மாரிஸனின் ரசிகர்களும் அந்த பாரிஸ் ராத்திரியைப் பற்றி ஆயிரம் யூகம் சொல்வார்கள். அவரோடு இருந்த பமேலா கோர்சன் மூன்று வருஷம் கழித்து, அதே 27 வயதில் இறந்துபோனதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

அபிமானம் நல்லதுதான். அது இல்லாவிட்டால் ஒரு வருஷம்கூட ஆளாத ஒரு பையன் பெயரில் இவ்வளவு பெரிய கோட்டை நிற்குமா? ஆனால், 22 வயசில் செத்தவனைக் கொண்டாடும்போது, உங்கள் வீட்டில் 22 வயசில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பவன் காதிலும் அது விழுகிறது. அவனுக்குச் சினிமா தேசிங்கைக் காட்டாதீர்கள். பழைய பெரிய எழுத்துப் புத்தகம் கிடைத்தால் வாங்கி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். சாமி 'போகாதே' என்று சொல்லும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி.