இரட்சணிய யாத்திரிகத்தை எப்படி ரசிப்பது

கிறிஸ்தவ வாழ்வை விண்ணுலகு நோக்கிய ஒரு நெடும்பயணமாகக் காணும் கருத்துக்குத் தமிழில் கிடைத்திருக்கும் மிகப்பெரிய இலக்கிய வடிவம், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி, 1894 மே மாதம் முதற்பதிப்பாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஆகும். இரட்சணியம் என்பது பாவத்திலிருந்து பெறும் மீட்பைக் குறிக்கும்; அந்த மீட்பை நாடிச் செல்பவனின் பயணத்தைச் சொல்வதால் நூல் இப்பெயர் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பெரும் பிரிவுகளில் 3766 பாடல்களைக் கொண்ட இக்காப்பியம், பாளையங்கோட்டை வட்டாரத்துக் கிறிஸ்தவர் படித்துவந்த நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த பின்னரே நூல் வடிவம் பெற்றது. இன்று பெரும்பாலோர் இதன் பெயரைப் பள்ளிப் பாடநூலிலும் தேர்வு வினாத்தாளிலும் மட்டுமே சந்திக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. ஏனெனில் திருநெல்வேலிச் சீமை தமிழுக்குத் தந்த பெருநூல்களுள் இது ஒன்று.

நூலின் கதைக்கு மூலம், இங்கிலாந்தில் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் உரைநடை நூல். பாத்திரங்களையும் பித்தளைச் சாமான்களையும் பற்றவைக்கும் தொழில் செய்த பன்யன், அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பெட்ஃபோர்டு நகரச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தவர். அழிவுக்கு உரிய ஊரைவிட்டு ஒருவன் முதுகில் பெருஞ்சுமையுடன் புறப்பட்டு, இடுக்கமான வாயிலில் நுழைந்து, சிலுவையின் அடியில் சுமை நீங்கப்பெற்று, இடர்கள் பலவற்றைக் கடந்து, பாலமில்லாத ஓர் ஆற்றைத் தாண்டி விண்ணகர் சேர்வதே கதை. ஊர்களும் மனிதர்களும் மனத்தின் நிலைகளையே பெயராகத் தாங்கி வருவதால் இதனை உருவகக் கதை என்பர். மோட்சப் பிரயாணம் என்ற பெயரில் இதன் தமிழ் உரைநடை தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் நெடுங்காலமாகப் படிக்கப்பட்டு வருகிறது. காப்பியத்தைத் தொடங்குமுன் அந்த உரைநடையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. கதை முன்பே தெரிந்திருந்தால், வாசகர் அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட அது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதில் மனத்தைச் செலுத்த இயலும்; இராமகதை தெரிந்தவர்களுக்குத்தான் கம்பர் பாடினார்.

கம்பரின் பெயர் இங்கு அலங்காரத்துக்காக வரவில்லை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, தந்தையாரிடமிருந்து இளமையிலேயே கம்பராமாயணச் சுவையைப் பெற்றவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் கிறிஸ்தவத் தொடர்பு ஏற்பட்டு, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறிய பின்னும் செவியில் ஏறியிருந்த கம்பரின் நடை மாறவில்லை. கிறிஸ்தவக் கம்பர் என்று பிற்காலத்தார் அவரை அழைத்ததற்குக் காரணம் அதுவே. ஆகவே இந்நூலைப் பன்யனின் மொழிபெயர்ப்பாகப் படிப்பவரும், கம்பரின் சாயலாக மட்டும் படிப்பவரும் பாதியையே காண்கின்றனர். பன்யன் காட்டிய பாதையிலிருந்து கிருஷ்ண பிள்ளை விலகிச் செல்லும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே நின்று படிப்பதே இந்நூலை ரசிப்பதற்கான நேரிய முறை. அவருடைய உள்ளம் முழுமையாக வெளிப்படுவது அந்த இடங்களில்தான்.

அவ்வாறு விலகும் இடங்களுள் தலையாயது குமார பருவத்தில் வரும் இரட்சணிய சரிதப் படலம். பன்யனின் கதையில் சிலுவை வழியோரத்தில் நிற்கும் ஓர் அடையாளம். இயேசுவின் பாடுகள் அங்கே நிகழ்ச்சியாக விரித்துரைக்கப்படுவதில்லை. கிருஷ்ண பிள்ளையோ பயணக் கதையை இடையில் நிறுத்திவிட்டு, இயேசு பிடிபட்டது, பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டது, வீரர்களின் ஏளனத்தையும் அடியையும் வாய்திறவாமல் தாங்கியது, சிலுவையில் அறையப்பட்டது ஆகியவற்றைத் தனிக் காப்பியத்துக்குரிய விரிவோடு பாடுகிறார். இதைக் கண்ட மக்கள், இத்தகைய கொடுமை நடந்தும் நிலம் வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று புலம்புவதாக அவர் அமைத்திருக்கும் பகுதி, அயோத்தி மக்களின் அழுகையைக் கம்பரில் படித்தவர்களின் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். சுமை இறங்கும் இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அந்தச் சுமையை ஏற்றவர் பட்ட பாட்டையும் காட்டினாலன்றிப் பயணத்துக்குப் பொருளில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும். நூலுக்குப் புதியவர்கள் முதற்பாட்டிலிருந்து தொடங்காமல் இந்தப் படலத்திலிருந்து தொடங்கலாம். கடவுள் வாழ்த்திலும் பாயிரத்திலும் நுழைந்து சோர்ந்து நூலை மூடிவைப்பதைவிட இது எவ்வளவோ மேலானது.

படிக்கும்போது வாய்விட்டுப் படிப்பது இன்றியமையாதது. நூலின் பெரும்பகுதி விருத்தப்பாவால் ஆனது. விருத்தம் என்பது அளவொத்த நான்கு அடிகளைக் கொண்ட பா. அடிக்கு நான்கு சீர் வருவது கலிவிருத்தம், ஆறு முதலாகச் சீர்கள் மிகுந்து வருவது ஆசிரிய விருத்தம். நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையும், சீர்களின் முதலெழுத்து ஒன்றி வரும் மோனையும் கண்ணுக்குப் புலப்படுவதைவிடக் காதுக்கே விரைவாகப் புலப்படும். துயரமான இடத்தில் சந்தம் தாழ்ந்து மெல்ல நகர்வதும், சண்டையும் ஆரவாரமும் வரும் இடத்தில் சீர்கள் துள்ளி ஓடுவதும் மௌன வாசிப்பில் தெரியாமலே போய்விடும். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே கிருஷ்ண பிள்ளை இசைப்பாக்களை அமைத்திருப்பது தனிக் கவனத்துக்கு உரியது. சைவத் திருமுறையின் பெயரையும் பண்ணோடு இறைவனை நோக்கி நேரே முறையிடும் முறையையும் எடுத்துக்கொண்டு, கதை சொல்லும் குரலிலிருந்து மன்றாடும் குரலுக்கு அவர் மாறுகிறார். அங்கே கதைமாந்தனின் வேண்டுதலும் கவிஞரின் வேண்டுதலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகின்றன. அவருடைய இரட்சணிய மனோகரம் என்னும் நூலின் பாடல்கள் ஆலய ஆராதனைகளில் இன்றும் பாடப்படுவதால், அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தேவாரங்கள் உடனே வசப்படும்.

கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்து வாசகருக்கு இந்நூலுக்குள் நுழைய மற்றொரு வழியும் உண்டு. பயணி புறப்பட்ட சிறிது தொலைவிலேயே நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றில் சிக்குகிறான். முதுகுச் சுமையால் அவன் மேலும் அமிழ்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இந்தச் சேற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலில் அப்பிய மண் அடுத்த அடியில் இன்னும் கொஞ்சம் மண்ணைச் சேர்த்துக்கொண்டு, அடிக்கு அடி பாரம் கூடி, நடப்பதையே ஒரு வேலையாக்கிவிடும். குற்றவுணர்வு மனிதனை இழுத்துப் பிடிப்பதும் அவ்வாறே என்பதைக் கரிசல் வாசகர் உடம்பாலேயே உணர்ந்துகொள்ள முடியும். நிதானி என்னும் உடன்பயணி மாயாபுரியில் பொய் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டு மக்கள் முன்னிலையில் கொல்லப்படும் பகுதியையும், 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் வாழ்பவர்கள் வெறும் கற்பனையாகப் படிக்க முடியாது. ஒன்று அரசியல், மற்றொன்று சமயம் என்ற வேறுபாடு உண்டுதான். எனினும் முடிவை முன்பே தீர்மானித்துவிட்டு நடத்தப்படும் விசாரணை எப்படி இருக்கும் என்பதை அந்த மண் அறியும். நிதானியின் மரணத்தைக் கண்டு மனம் மாறிய ஒருவனே, நம்பிக்கை என்ற பெயருடன், அதே ஊரிலிருந்து பயணிக்குத் துணையாகப் புறப்படுகிறான் என்ற அமைப்பைத் தவறவிடலாகாது.

அதே வட்டாரத்தில் பயணத்தின் மற்றொரு வடிவமும் இருக்கிறது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்தில் ஆகஸ்ட் 15 அன்று கொண்டாடப்படும் விண்ணேற்புப் பெருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து மக்கள் திரள்வதும், தேர்ப்பவனியின்போது கும்பிடு சேவை செய்து நேர்ச்சை செலுத்துவதும் கத்தோலிக்கரின் மரபு. மரியன்னை உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் சேர்க்கப்பட்டார் என்பதே விண்ணேற்பு நம்பிக்கை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதனை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். இந்தப் பணித்தளத்தில் தொடக்க ஆண்டுகளில் உழைத்த வீரமாமுனிவரே பின்னர் 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார். பன்யனும் கிருஷ்ண பிள்ளையும் சார்ந்த சீர்திருத்தத் திருச்சபை மரபு, தலப்பயணத்தால் மீட்பு வாராது என்று சொல்லிப் பயணத்தை அகத்துக்குள் கொண்டுசென்றது. கத்தோலிக்க மரபோ கால்களையும் அந்த வேண்டுதலில் பங்குகொள்ள வைத்தது. ஆகஸ்ட் மாத வெயிலில் நடந்துசெல்லும் கூட்டத்தைக் கண்ட பின் ஆரணிய பருவத்தைப் படிப்பவருக்கு அதன் களைப்பும் தாகமும் ஏட்டுச் சொற்களாகத் தோன்றா.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. சமயக் கொள்கை விளக்கங்கள் நீளும் இடங்களில் கவிதை மெலிகிறது. வடசொற்கள் அடுக்கி வரும் பாடல்களில் இன்றைய வாசகர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். அத்தகைய படலங்களை முதல் வாசிப்பில் கடந்து செல்வதில் தவறில்லை. மாதம் ஒரு பகுதியாகவே முதல் வாசகர்கள் இதனைப் படித்தனர் என்பதை நினைவில் வைத்து, லெந்து என்னும் தவக்கால நாட்களில் நாளுக்குச் சில பாடல்கள் என்ற அளவில் படித்துச் செல்வது போதுமானது.

இரட்சணிய பருவத்துக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். வைணவ மரபில் உயிர் உடலைவிட்டு வைகுந்தம் செல்லும் வழியை அர்ச்சிராதி மார்க்கம் என்பர். விரசை என்னும் ஆற்றைக் கடந்த உயிரை விண்ணோர் எதிர்கொண்டு வரவேற்பர் என்பது அதன் செய்தி, நம்மாழ்வாரின் திருவாய்மொழியும் அவ்வரவேற்பைப் பாடுகிறது. அந்த மரபில் வளர்ந்த கவிஞரின் கையில், மரண ஆற்றைக் கடந்த பயணியை விண்ணவர் எதிர்கொள்ளும் காட்சி அமையும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பெரும் பேறு. ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் கவனிக்கத்தக்கது. வைணவ மரபில் ஆற்றைக் கடப்பது ஐயத்துக்கு இடமற்ற மகிழ்ச்சி. பன்யனின் கதையிலோ, இவ்வளவு தொலைவு வந்த பயணி அந்த ஆற்றில் இறங்கியதும் அச்சத்தால் மூழ்கத் தொடங்குகிறான், முன்னர்ப் பெற்ற அருளெல்லாம் மறந்துபோகிறது, விண்ணகர் அரசனிடம் கொண்ட விசுவாசத்தின் அளவுக்கேற்ப நீர் ஆழமாகவோ ஆழமின்றியோ இருக்கிறது, உடன்வந்த நம்பிக்கையே அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான். விசுவாசியின் இறுதி அச்சத்தை மறைக்காமல் சொல்லும் இந்த நேர்மையை, நோயுற்றோரின் படுக்கையருகே இருந்து பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வர். இப்பகுதியைத் தனியே அமர்ந்து படிப்பதைவிட வீட்டில் மூத்தவர் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதே சிறந்தது.