லயமும் லயமும்: இரு மலிவுக் கேட்புக் கருவிகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

ஒப்பீடு என்பது இரு பொருள்களை அருகருகே வைத்து, ஒன்றிற்குப் பரிசும் மற்றதற்குப் பழியும் வழங்கும் செயலன்று. எதன்பொருட்டு ஒப்பிடப்படுகின்றது என்னும் வினா முதற்கண் எழுப்பப்படல் வேண்டும். பேராசிரியர் க. கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’ 1969இல் வெளிவந்ததன் பின்னர், ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் ஒப்பியல் நோக்கு ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆயின் நூல்களை ஒப்பிடும்போது காட்டப்படும் நிதானம், அன்றாடப் பயன்பொருள்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிடுகின்றது. விளம்பரமும் விலையுமே அங்கு திறனாய்வாளரின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஹெட்போன் எனும் எளிய கருவி இதற்குத் தக்க சான்றாகும்.

மலையகத்தைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்கு விடயமன்று. 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறாண்டின் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்பட்டதன்று. தாலாட்டாகவும், ஒப்பாரியாகவும், கொழுந்தெடுக்கும் பாட்டாகவும், காமன் கூத்தாகவும் வாயிலும் செவியிலுமே வாழ்ந்து வந்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் திரட்டி அச்சேற்றினர். அச்சிற் சொற்கள் தங்கின, குரல் தங்கவில்லை. இன்று ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒருவர், தம் பாட்டியின் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்துகொள்ள முடிகின்றது. அப்பதிவைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுத அவருக்கு ஹெட்போன் ஒன்று வேண்டும். ஒலியியலிற் பயிற்சியில்லாத, கையிற் பணமும் மிகுதியாக இல்லாத இத்தொடக்கநிலையாளர் எதனைத் தெரிவுசெய்வது? இவ்வினாவின் பின்னணியிலேயே ஒப்பீடு பொருளுடையதாகின்றது.

1

ஹெட்போன் தோன்றியது இசைக்காக அன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியேல் போல்ட்வின் 1910 அளவில் ஆக்கிய கருவிகளைக் கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்பதற்காக அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. 1958இல் ஜோன் கொஸ் இருசெவி இசைக்கான ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த வகையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1979இல் சோனியின் வோக்மன் வெளிவந்ததோடு, தெருவில் நடந்தவாறே தனித்துக் கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவலாயிற்று.

இவ்வரலாற்றில் இரு மரபுகள் தெளிவாகத் தென்படுகின்றன. ஒன்று, ஒலிப்பானின் பின்புறத்தை அடைத்து, செவியை வெளியுலகிலிருந்து பிரிக்க முயலும் மூடிய மரபு. மற்றையது, பின்புறத்தைத் திறந்துவிட்டு, வெளியொலி உள்ளே வரவும் உள்ளொலி வெளியே செல்லவும் இடமளிக்கும் திறந்த மரபு. மலிவுச் சந்தையில் முதலாவதற்கு எடுத்துக்காட்டாக சோனியின் எம்.டி.ஆர். இசற்.எக்ஸ். 110 என்பதனையும், இரண்டாவதற்கு எடுத்துக்காட்டாக 1984இல் வெளிவந்து இன்றுவரை பெரிய மாற்றமின்றி விற்கப்படும் கொஸ் போர்ட்டா புரோவையும் கொள்ளலாம். இரண்டும் காதின்மேல் அமர்பவை; இரண்டும் மடித்துப் பையில் வைக்கத்தக்கவை.

‘மலிவு’ என்னும் சொல் இங்கு ஆராயப்படவேண்டியதாகும். அமெரிக்காவில் சோனிக் கருவி இருபது டொலரையும், கொஸ் கருவி ஐம்பது டொலரையும் அண்டிய விலையில் விற்கப்பட்டு வந்துள்ளன. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. டொலரொன்று 300 ரூபா எனக் கொண்டு 2024ஆம் ஆண்டுச் சம்பளத்தோடு நோக்குமிடத்து, முதலாவது நான்கைந்து நாட் கொழுந்தின் விலை. இரண்டாவது பதினொரு நாட் கொழுந்தின் விலை. ஒருவரின் மலிவு மற்றொருவரின் அரைமாத உழைப்பாக இருத்தல் கூடும். எனவே தவறான தெரிவு என்பது இங்கு சிறு விடயமன்று.

2

தொடக்கநிலையாளர் முதலில் நாடுவது பெட்டியில் அச்சிடப்பட்ட எண்களையே. கொஸ் கருவிக்கு 60 ஓம் மின்மறிப்பும், ஒரு மில்லிவாற்றுக்கு 101 டெசிபெல் உணர்திறனும் கூறப்படுகின்றன. சோனிக்கு அவை முறையே 24 ஓமும் 98 டெசிபெலுமாகும். 101 என்பது 98இனும் பெரிது. ஆகவே கொஸ் உரத்து ஒலிக்கும் என்று முடிவுசெய்தல் இயல்பு. அம்முடிவு பிழையானது. கைத்தொலைபேசி இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தையே வழங்குகின்றது. மின்மறிப்புக் குறைந்த கருவி அதே அழுத்தத்தில் மிகுந்த வலுவைப் பெற்றுக்கொள்கின்றது. ஒரு வோல்ற்றுக்குக் கணித்துப் பார்ப்பின் கொஸ் 113 டெசிபெலையும், சோனி 114 டெசிபெலையும் அண்டுகின்றன. அதாவது, எண்ணிற் குறைந்த சோனியே ஒரு டெசிபெல் அளவு உரத்து ஒலிக்கும்.

இச்சிறு வேறுபாடு பெரும் மயக்கத்தை விளைவிக்க வல்லது. உரத்த ஒலியையே சிறந்த ஒலியாகக் கொள்வது மனிதச் செவியின் இயல்பு. மேலும், ஒலி தாழுந்தோறும் தாழ்ந்த அதிர்வெண்களைச் செவி மிகவும் குறைவாகவே உணர்கின்றது என்பதை பிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் நிறுவினர். ஆதலின் இரண்டையும் ஒரே உரப்பிற்குக் கொணராது செய்யப்படும் ஒப்பீடு, கருவிகளை அளப்பதன்று. ஒலியளவுப் பொத்தானை அளப்பதேயாகும். ஒரே பதிவு, ஒரே தொலைபேசி, ஒரே உரப்பு என்ற மூன்றும் நியாயமான ஒப்பீட்டின் முதல் நிபந்தனைகளாகும். நான்காவதொன்றும் உண்டு. ஒரு கருவிக்குப் பழகிய செவிக்கு மற்றையது முதற் சில நிமிடங்களுக்கு அந்நியமாகவே தோன்றும். அந்நியத்தைக் குறையென்று கொள்ளாமை புதிய கவிதைக்கு மட்டுமன்றிப் புதிய கருவிக்கும் பொருந்தும் நெறியாகும்.

3

எதனைக் கேட்டு ஒப்பிடுவது என்பது அடுத்த வினா. கடைகளில் இதற்கெனத் திரைப்பாடல்கள் ஒலிக்கப்படுகின்றன. அவை எந்த மலிவுக் கருவியிலும் இனிமையாக ஒலிக்குமாறு கலையகத்தில் ஒழுங்குசெய்யப்பட்டவை. மலையக மாணவருக்கு அவற்றினும் கடுமையான தேர்வுப்பொருள் அருகிலேயே உண்டு. அது தப்பு.

தீயிற் காய்ச்சி முறுக்கேற்றப்படும் தப்பு, தடித்த குச்சியாலும் மெல்லிய குச்சியாலும் ஒருங்கே அடிக்கப்படுவது. முன்னையது தோலின் நடுவிலிருந்து ஆழ்ந்த அதிர்வை எழுப்பும். பின்னையது கூரிய தெறிப்பை எழுப்பும். தோட்டத் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்த வைகறை ஒலியும் இதுவே; காமனும் ரதியும் ஆடும் மாசி இரவின் ஒலியும் இதுவே; சாவீட்டின் ஒலியும் இதுவே. சாதி இழிவின் பெயரால் இது இசையென்று கொள்ளப்படாது வெறும் ஓசையெனத் தள்ளப்பட்டமையும் வரலாறாகும். நல்ல கேட்புக் கருவி, இரு குச்சிகளையும் இரண்டாகவே கேட்பித்தல் வேண்டும். தாழொலி மிகுந்த கருவியில் தடித்த குச்சி மெல்லிய குச்சியை விழுங்கிவிடும். நுண்ணிய தாளக்கட்டு, முன்னைய இழிசொல் கூறியவாறே, வெறும் ஓசையாகச் சுருங்கிவிடும். கருவியின் குறை கலையின் குறையாகத் தோற்றமளிக்கும் ஆபத்து இங்கேயே உள்ளது.

இரண்டாவது தேர்வுப்பொருள் முதியவரின் குரல். தமிழில் லகர ளகர ழகர வேறுபாடு நாவின் நிலையைப் பொறுத்தது என்பதனைத் தொல்காப்பியர் பிறப்பியலிலேயே விளக்கியுள்ளார். அவ்வேறுபாட்டின் ஒலியியற் சுவடுகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையான நடுப்பகுதியிற் காணப்படுகின்றன. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் இயல்பினது. ஆகவே தாழொலியின் மிகை, ஒரு பாட்டி ‘மழை’ என்றாரா, ‘மளை’ என்றாரா என்பதையே ஐயத்துக்குள்ளாக்கிவிடும். அவ்வாறு ஐயுறும் மாணவர், தாம் பாடநூலிற் கற்ற வடிவத்தையே எழுதிவிடுவார். பேச்சுவழக்கின் சான்றொன்று அவ்விடத்திலேயே அழிந்துபோகின்றது.

இவ்விரு தேர்வுகளிலும் இரு கருவிகளும் குறையற்றவையல்ல. மலிவான மூடிய கருவிகளில் தாழொலியை மிகைப்படுத்தல் பொதுவழக்கு. சோனிக் கருவி அதற்கு விலக்கன்று. கொஸ் கருவியும் நடுத்தாழ் ஒலியைச் சற்று மிகுத்தே தருவது. அதன் உச்ச ஒலிகளும் ஓரளவு மென்மையானவை. எனினும் பின்புறம் திறந்திருத்தலால் அதன் ஒலி குடத்துள் எழுவது போலாகாது, குரல் முன்னே நிற்கின்றது. சோனியின் பஞ்சு காதோடு ஒட்டி அமராது, தலைமயிரோ மூக்குக்கண்ணாடியின் காலோ குறுக்கிட்டால், மிகுந்திருந்த தாழொலி திடீரெனக் குறைந்துவிடும். அணியுந்தோறும் ஒலி மாறும் கருவியைக் கொண்டு தீர்ப்பளிப்பது கடினம். தொலைபேசியிலுள்ள ஒலிச்சமன்படுத்தியால் தாழொலியைச் சில டெசிபெல் குறைத்துக்கொள்வது செலவற்ற திருத்தமாகும். அதன் பின்னர் இரண்டிற்குமிடையிலான தூரம் விலை வேறுபாடு காட்டும் அளவிற்குப் பெரிதாக இருப்பதில்லை.

இன்னுமொரு பிழையும் சுட்டப்படவேண்டும். தப்பின் ஒவ்வோர் அடிக்கும் பின் பாடுவோர் குரல் சற்றே அமிழ்ந்து மீண்டும் எழுவதாகக் கேட்குமாயின், அது ஹெட்போனின் குற்றமன்று. உரத்த ஒலி வந்ததும் பதிவளவைத் தானாகவே தாழ்த்தும் தொலைபேசியின் ஏற்பாட்டால் விளைவது அது. அவ்வாறே, மிகச் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பில் மெல்லிய குச்சியின் தெறிப்பு மழுங்கியிருப்பதும் கோப்பின் குற்றமே. மூலபாடப் பிழையை உரையாசிரியர்மீது சுமத்துவது எத்துணைத் தவறோ, பதிவின் பிழையைக் கருவிமீது சுமத்துவதும் அத்துணைத் தவறாகும்.

4

கருவியைப் போலவே கேட்கும் இடமும் ஆராயப்படல் வேண்டும். ஆங்கிலேயர் ‘லைன்’ என்றழைத்த தொடர்குடியிருப்பு மலையகத் தமிழில் லயன் என்றும் லயம் என்றும் வழங்கலாயிற்று. தாளத்தின் கதியைக் குறிக்கும் சொல்லும், பத்துக்குப் பன்னிரண்டடி அறைகளின் வரிசையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாய் அமைந்தமை தற்செயலே. ஆயினும் அத்தற்செயலில் ஓர் உண்மை உண்டு. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் லயத்தில், எவருடைய ஒலியும் அவருடையது மட்டுமன்று. ஒரு வீட்டின் இருமலும் ஏசலும் தாலாட்டும் வானொலியும் அடுத்த வீட்டின் உடைமைகளுமாகும்.

இத்தகைய சூழலில் மூடிய ஹெட்போன் ஆடம்பரமன்று. தனிமையில்லாதவருக்குக் கிடைக்கும் ஒரே அறை. தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கும், மலையிலிருந்து இறங்கி அரைமணிநேரம் தனக்கென இருக்க விரும்பும் பெண்ணுக்கும் அது தேவையே. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும் நாள்களில் மழையின் இரைச்சலை அது ஓரளவு தடுக்கும். மூடிய கருவியாலும் வீதியிற் செல்லும் லொறியின் ஆழ்ந்த உறுமலைப் பெரிதும் தடுக்கவியலாது. மழை போன்ற உயர்ந்த அதிர்வெண் இரைச்சலையே அது எளிதில் தணிக்கும். திறந்த கருவியணிந்தவரோ மழையை வெல்ல ஒலியைக் கூட்ட நேரிடும். வாரத்திற்கு நாற்பது மணிநேரம், 80 டெசிபெல் என்பதே வளர்ந்தோர்க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாதலின், இக்கூட்டல் செவிக்குக் கேடாகலாம்.

மறுபுறம், திறந்த கருவி லயத்தின் வாழ்வை அறுத்துவிடுவதில்லை. அணிந்திருக்கையிலேயே குழந்தையின் அழுகை கேட்கும். இஸ்தோப்பிலிருந்து அழைப்பவர் குரலும் கேட்கும். கோ. நடேசய்யருடன் தோட்டந்தோறும் சென்ற மீனாட்சியம்மாள் மேடைகளிற் பாடியபோதும், காமன் பொட்டலிற் கூத்து நிகழும்போதும், மலையகப் பாடல் பலர் செவிக்கும் ஒருங்கே உரியதாகவே இருந்தது. அதனை ஒருவர் செவிக்குள் அடைக்கும் எக்கருவியும் அதன் இயல்பை ஓரளவு மாற்றியே தருகின்றது. அம்மாற்றம் குறைந்த அளவில் நிகழ்வது திறந்த கருவியிலேயே.

5

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தீர்ப்பு செயலுக்கேற்பப் பிரிகின்றது. பாட்டியின் எதிரேயிருந்து பதிவுசெய்யும் வேளையில் மூடிய கருவியே தகும். திறந்ததிலிருந்து கசியும் ஒலி ஒலிவாங்கியுட் புகுந்து பதிவைக் கெடுக்கும். பதிவை மணிக்கணக்கிற் கேட்டு எழுதும் வேளையில், அமைதியான அறை வாய்க்குமாயின், திறந்த கருவியே தகும்; குரலின் தெளிவும் காதின் இளைப்பின்மையும் அதன்பக்கமே உள்ளன. ஒன்றனை மட்டுமே வாங்க இயலும் மாணவர், லயத்திலோ நெரிசலான விடுதியறையிலோ வாழ்பவராயின், மலிவான மூடிய கருவியை வாங்கி, தாழொலியைக் குறைத்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை. எஞ்சும் ஆறு நாட் சம்பளம் வீட்டில் எஞ்சட்டும்.

ஆயின் எழுதி முடித்த பின் ஆற்றவேண்டிய பணியொன்று உண்டு. ஹெட்போனைக் கழற்றிவைத்து, எழுதியதைப் பாடியவரிடமே வாசித்துக் காட்டல் வேண்டும். ‘அப்படியில்ல தாயி’ என்று அவர் திருத்துவாராயின், அத்திருத்தத்தை எந்தக் கருவியாலும் தர இயலாது. இருநூறாண்டுக் குரல்களை இன்னும் நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். கருவியைத் தெரிவுசெய்வதில் காலத்தைப் போக்காது, உள்ளதைக் கொண்டு விரைந்து செவிமடுப்பதே இத்தலைமுறையின் முதற் கடமையாகும்.