பழைய அம்பாசிடரும் பட்டறை ஹப்பும்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அம்பாசிடர் இன்னும் ஒழிந்துவிடவில்லை. தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். ஏலத்தில் எடுத்த வெள்ளை வண்டி, முகூர்த்த நாட்களில் பூமாலையோடு வாடகைக்கு ஓடுகிறது. ஆனால் அம்பாசிடரைச் செய்துகொண்டிருந்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில் நின்றுபோனது. 2017-ல் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் கைமாறியதே தவிர, சாமான் வரவில்லை. 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இந்த நிலை எழுபதுகளிலேயே வந்துவிட்டது. பழைய வண்டி ஓட வேண்டுமென்றால் மாற்றுச் சாமான்தான் வழி.

மாற்றுச் சாமான் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் நிறுவனம் தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த மோட்டார் தொழில், இந்தப் பகுதிக்கு நல்ல கைகளைக் கொடுத்திருக்கிறது. தேய்ந்த உருப்படியைக் கையில் கொடுத்தால், வரைபடம் இல்லாமலே அதன் ஜோடியைக் கடைந்து தரும் டர்னர்கள் இருக்கிறார்கள். கதவுக் கைப்பிடி, பம்பர் பிராக்கெட், கண்ணாடி ரப்பர் எல்லாம் இப்படி வந்தால் ஒரு குறையும் இல்லை. சிலவற்றில் இன்றைய சரக்கு பழையதைவிட மேல். இப்போது கிடைக்கும் நல்ல ரப்பர் ஆயில் சீல், அந்தக் காலத்து ஃபெல்ட் சீலைவிட நன்றாகவே கிரீஸைக் காக்கிறது. இந்தக் கைவேலை இல்லையென்றால் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கைப்பிடி கோணலானால் கதவு திறக்காது, அவ்வளவுதான். ஹப் கோணலானால் சக்கரம் கழன்று போகும். வண்டியின் எடையும், குழியில் விழும் அடியும், வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளலும் சக்கரத்திலிருந்து அதன் அச்சான ஸ்டப் ஆக்சிலுக்குப் போவது ஹப்புக்குள் உட்கார்ந்திருக்கும் உள் பேரிங், வெளி பேரிங் இரண்டின் வழியாகத்தான். அந்த இரண்டும் உட்காரும் துளைகள் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். லேத்தில் ஒரு பக்கத்தைக் கடைந்துவிட்டு, ஹப்பைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைக் கடையும்போது மையம் தவறுகிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால்தான் தெரியும். சக்கரம் உட்காரும் முகம் நூறில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. தலைமுடியின் பருமனைவிடக் குறைவு அது. கடையில் அட்டைப்பெட்டியில் வரும் டூப்ளிகேட் ஹப்போ, பட்டறையில் கடைந்த ஹப்போ, இந்த அளவைப் பார்த்து விற்கப்படுவதாக நான் கண்டதில்லை.

துளையின் அளவு இன்னும் நுட்பமானது. வண்டியின் சுமை எப்போதும் ஒரே திசையில்தான் அழுத்துகிறது. ஹப்போடு சேர்ந்து பேரிங்கின் வெளி வளையமான ரேஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்த அழுத்தம் ரேஸின் விளிம்பு முழுவதையும் ஒவ்வொரு சுற்றிலும் தொட்டுவிட்டுப் போகிறது. ரேஸ் துளைக்குள் இறுக்கமாக இருந்தால் தாங்கும். நூறில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொளதொளப்பு இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ரேஸ் மிகச் சிறிதளவு நழுவும். நழுவ நழுவத் துளை தேயும். தேயத் தேய இன்னும் நழுவும். ரேஸ் சுற்றிய ஹப்பைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளையின் உட்சுவரில் கண்ணாடி போல ஒரு பளபளப்பான வளையம் ஓடியிருக்கும். கிரீஸில் கருநிறப் பொடி கலந்திருக்கும். அது தேய்ந்த இரும்பு.

இதற்குப் பட்டறையில் செய்யும் வைத்தியம்தான் எனக்கு ஏற்கவே முடியாதது. துளையின் உட்சுவரில் சென்டர் பஞ்சால் வரிசையாகப் புள்ளி அடிப்பார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் உலோகம் கொஞ்சம் மேலெழும். அந்த மேடுகளில் ரேஸ் இறுக்கமாக உட்காரும். கையால் தட்டி ஏற்றும்போது நல்ல இறுக்கம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் முழுச் சுவரும் தாங்க வேண்டிய சுமையைச் சில ஊசிமுனை மேடுகள் தாங்குகின்றன. ஓட ஓட அவை நசுங்கிவிடும், ரேஸ் மறுபடி சுற்றும். தகரத்தை வெட்டிச் சுற்றி வைப்பதும் இதே கதைதான். துளையைப் பெரிதாகக் கடைந்து, அளவான புஷ் இறக்கி, மறுபடி பேரிங் அளவுக்குக் கடைவது முறையான வேலை; கூலி அதிகம், நேரமும் அதிகம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டட் விஷயத்துக்கு வருகிறேன். சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு கைப்பிடி ஸ்டட்டுகள்தான். காரியாபட்டி தாலுகாவிலேயே, ஆவியூர் கிருஷ்ணாபுரத்தில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஆலை இருக்கிறது. போல்ட்டும் நட்டும் தர அளவோடு செய்யும் தொழில் நம் வாசலில் நடக்கிறது. மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும், அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்று பொருள். 10.9 அதைவிட உயர்ந்தது. சாதாரண மைல்டு ஸ்டீல் ஏறத்தாழ 400-லேயே அறும். அந்த மைல்டு ஸ்டீல் கம்பியில் மரை போட்டு வீல் ஸ்டட் என்று கொடுத்தால், நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் நீளும். நீண்ட ஸ்டட்டில் இறுக்கம் நிற்காது. இறுக்கம் போனால் சக்கரம் முகத்தில் அசைந்து, ஸ்டட்டை முறித்துவிடும். நட் லூசாகிவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டுகிறோம். தவறு கம்பியில் இருக்கிறது.

இந்தப் பழைய வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்து வேகமும் இன்றைய வேகமும் வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை–தூத்துக்குடி சாலை இப்போது நான்குவழி. பழைய வண்டியும் அங்கே மற்றவற்றோடு ஓடியாக வேண்டும். அதை விட்டு இறங்கினால் கரிசல் புழுதி. சீல் உட்காரும் வாயைப் பெரிதாகக் கடைந்த ஹப்பில் அந்தப் புழுதி நேரே பேரிங்குக்குப் போகும். உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியே வந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். ஒரே பிழையில் பேரிங்கும் போகிறது, பிரேக்கும் போகிறது.

குற்றத்தை டர்னர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. காலையில் ஹப்பைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வண்டி வேண்டும் என்று நிற்பவர் வண்டிக்காரர். புது பேரிங்கைக் கொண்டுவராமல், பழைய ரேஸை அளவுக்கு வைத்துக் கடையச் சொல்பவரும் அவர்தான். 2022 ஏப்ரலுக்குப் பிறகு பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம் வந்தது. அதை முணுமுணுத்துக்கொண்டேனும் கட்டியவர்கள், ஹப் கூலியில் நூறு இருநூறுக்கு மல்லுக்கட்டுகிறார்கள். பதிவுச் சோதனையில் ஹப்பைப் பிரித்து அளக்கும் வேலை கிடையாது. விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புகை எப்படி என்பதோடு முடிகிறது. ஆகவே ஹப்பைக் கவனிக்கும் பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது.

என் முடிவு இதுதான். பட்டறை ஹப்பையும் டூப்ளிகேட் ஹப்பையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. அளக்காத ஹப்பை ஒதுக்க வேண்டும். ஸ்டட்டையும் ஸ்டப் ஆக்சிலையும் பட்டறையில் செய்யச் சொல்லவே கூடாது. அவற்றுக்கு உருக்கின் தரமும் சூடுபதமும் முக்கியம், இரண்டையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டப் ஆக்சிலின் அடி வளைவைக் கூர்மூலையாகக் கடைந்துவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஓடாத வண்டியிலிருந்து கழற்றிய, விரிசல் சோதித்த பழைய ஒரிஜினலே அங்கே நல்லது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்குப் போகும்போது புது பேரிங்கையும் புது சீலையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு துளைகளையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள், டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிளே கூடியிருந்தால் நட்டை இன்னொரு சுற்று இறுக்கிச் சமாளிக்காமல் ஹப்பைக் கழற்றித் துளையைப் பாருங்கள்.