முழுப் பருப்பு

போன தை மாதம் ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தருகே ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் 50 கிராம் முந்திரிப் பருப்பு கேட்டார். கடைக்காரர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உடைசல் டப்பாவைத் திறந்தார். “உடைசல் வேணாம், முழுசாக் குடுங்க” என்றார் அவர். அவருடைய விரல்களைக் கவனித்தேன். நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தது. முந்திரிக் கொட்டை உடைப்பவரின் கை அது. திரும்பியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் அம்மா.

“பாயசத்துக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர், எனக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோனா அது குழம்புக்கோ பாயசத்துக்கோ போயிடும். பஸ்ஸுலயே தின்னுட்டுப் போயிடுவேன்.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எத்தனையோ மூட்ட உடைச்சிருக்கேன். முழுசா ஒண்ண வாயில போட்டதில்ல.”

நான் கேட்ட கேள்விக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். ஒரு பெண் முந்திரி வாங்கினால் அது பிறர் உண்ணும் பாயசத்துக்காகத்தான் இருக்கும் என்று எனக்குள் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழிலக்கியம் கற்பிக்கிறேன். சொல்லிவைத்தவர்களில் அதற்கும் பங்கு உண்டா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கம் முந்திரிக்காட்டுப் பக்கம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை எங்கும் தோப்புகள். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். சாம்பலையோ எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு பெண்கள் உடைக்கிறார்கள். பருப்பு உடையாமல் வெளிவந்தால் நல்ல விலை. உடைந்தால் விலை இறங்கும். முழுப் பருப்பை முழுதாக எடுக்கும் திறமை அவர்களுடையது. முழுப் பருப்பு அவர்களுடையதன்று.

தமிழில் ஒரு தாயைப் பாராட்ட வேண்டுமென்றால் நாம் முதலில் எடுக்கும் தொடர் ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’. பிள்ளைகளை வளர்த்தார், வீடு கட்டினார், நகை சேர்த்தார், எல்லாம் வாயைக் கட்டித்தான். நானும் அப்படி எழுதினேன். என் முதல் தொகுப்பில், கடைசிப் பிடி சோற்றை எங்களுக்குத் தந்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த அம்மாவைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அரங்குகளில் அதற்குத்தான் அதிகம் கைதட்டல் வந்தது. அம்மா இறந்தபின் அவருடைய பீரோவைத் திறந்தோம். மடிப்புக் கலையாத புடவைகள் பதினொன்று இருந்தன. நாங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்துத் தந்தவை. இரண்டு மைசூர் சாண்டல் சோப்புகள் புடவைகளுக்கு நடுவே வாசனைக்கு வைக்கப்பட்டிருந்தன. குளிக்க அவர் பயன்படுத்தியது துணி சோப்பு. அந்தக் கவிதையை அதற்குப் பிறகு நான் எங்கும் வாசிக்கவில்லை. அதில் சொல்லியிருப்பது பொய்யில்லை. ஆனால் அவருடைய பட்டினியை அழகாக்கி, அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு அதைப் பாடமாக வைத்துவிட்டேன்.

சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. கூரை இற்று விழும் வீடு. ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கிறது. பசியால் மெலிந்த பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். உண்பதற்கு முன் கதவை அடைக்கிறாள். அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்ற நாணம். வறுமையைச் சித்திரித்த உச்சங்களில் ஒன்றாக இதைப் பாடம் சொல்கிறோம். வள்ளலின் பெருமையை ஏற்றிக்காட்டப் பாணனின் முந்தைய வறுமையைப் புலவர் விவரிக்கிறார் என்பது தேர்வில் எழுதவேண்டிய விடை. எனக்கு அந்தக் கதவுதான் மனதில் நிற்கிறது. அன்று உப்பில்லாத கீரையை மறைக்கக் கதவை அடைத்தாள். இன்று தனக்கென வாங்கிய முந்திரியை மறைக்க ஒருத்தி பேருந்தின் சன்னலோர இருக்கையைத் தேடுகிறாள். இல்லாமைக்கும் நாணம், இருப்பதற்கும் நாணம். இரண்டுக்கும் இடையில் அவள் வெளிப்படையாக உண்ண ஓர் இடம் வாய்க்கவே இல்லை.

அடுத்து காரைக்கால் அம்மையார். பெரியபுராணம் சொல்லும் கதை நமக்குத் தெரியும். கணவன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்குப் புனிதவதி ஒன்றை அளிக்கிறார். மற்றதைக் கணவனுக்குப் படைக்கிறார். சுவை பிடித்துப்போன அவன் அடுத்ததையும் கேட்கிறான். இறையருளால் இன்னொரு கனி அவர் கைக்கு வருகிறது, அதையும் அவனே உண்கிறான். ‘இது முன்னதைவிடச் சுவையாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது’ என்ற விசாரணை தொடங்குகிறது. பக்தி, அற்புதம், கணவனின் அச்சம் என்று நாம் நிறையப் பேசியாயிற்று. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அந்த அம்மா ஒரு பழமாவது சாப்பிட்டாங்களா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்த பழங்களில் ஒன்றுகூட அவர் வாய்க்குப் போனதாகக் கதை சொல்லவில்லை. அதன்பின் அவர் அழகிய உடலை உதறிப் பேய் வடிவு கேட்டுப் பெற்றார்.

பேய் என்றதும் எங்கள் ஊருக்கு அருகே வந்துவிடுகிறோம். ஊர்ப்பெயரைப் பார்த்து இதுதான் ஜெயங்கொண்டாரின் ஊர் என்று முதலாண்டு மாணவிகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கச் சான்றில்லை. ஆனால் அவர் பாடிய முதலாம் குலோத்துங்கனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். கலிங்கத்துப்பரணியில் நெடுநாள் பட்டினி கிடந்த பேய்களுக்குப் போர்க்களம் விருந்தாகிறது. காளி அவற்றைக் கூழ் சமைக்கச் சொல்கிறாள். பேய்கள் நேராக அடுப்புக்கு ஓடுவதில்லை. முதலில் யானைக் கொம்பால் பல் துலக்குகின்றன. எலும்பால் நாக்கு வழிக்கின்றன. தலைக்குத் தேய்த்துக் குளிக்கின்றன. அணிகள் பூணுகின்றன. அதன்பிறகே அடுப்பு மூட்டுகின்றன. ஒரு பேரழிவைக் கொண்டாடும் நூல் இது என்பதை மறந்து இதை ரசிக்க எனக்கு ஒப்பில்லை. இருந்தாலும் ஒன்றை அந்தப் புலவர் அறிந்திருக்கிறார். பசியாறுவது ஒரு தேவை, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பூச்சூடுவது பசி தீர்ந்தபிறகு வரும் ஆடம்பரம் என்று நாம் போடும் வரிசை உண்மையில்லை. பசித்த உடலும் அழகாக இருக்க விரும்புகிறது.

கூழ் பரிமாறும் இடத்தில் ஒரு பெண்பேய் வருகிறது. தன் கணவன் கூழ் குடிக்க மாட்டான் என்று சொல்லி எல்லாவற்றையும் தானே குடித்துவிடுகிற பேய். அவளுக்கும் வாருங்கள் என்கிறது பாட்டு. படித்த காலத்தில் அதை நகைச்சுவை என்று ஓரத்தில் குறித்துவைத்திருந்தேன். நகைச்சுவைதான். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நான் பாடம் சொல்லும் பிரதிகளில் கணவனின் பங்கையும் தன் பங்கையும் கூச்சமின்றிக் குடித்துத் தீர்ப்பவள் அநேகமாக இவள் ஒருத்திதான். அவளைப் பேயாக்கினால்தான் அதை எழுத முடிந்திருக்கிறது.

மனுஷியாக வந்தவள் என்ன செய்தாள்? 1934இல் வெளியான புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையில் அம்மாளு ஆலைத் தொழிலாளி. குதிரைவண்டி ஓட்டும் கணவன் விபத்தில் அடிபட்டுப் பால்கஞ்சிக்கு ஆசைப்படுகிறான். வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் அவளுக்குக் கிடைக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளாக விமர்சகர்கள் இக்கதையில் கற்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கற்பைச் சீண்டியதற்காகப் பாராட்டினார்கள், சீண்டியதற்காகத் திட்டினார்கள். கதையின் நடுவில் இருப்பது பால்கஞ்சி, ஏழைவீட்டின் ஒரு சின்ன ஆடம்பரம். ஆசை அவனுடையது, அதற்கான விலை அவளுடைய உடல். அம்மாளுவுக்கு என்ன குடிக்க ஆசை என்று கதையும் கேட்கவில்லை, விமர்சனமும் கேட்கவில்லை. நிலவும் ஒழுக்கத்தை அத்தனை கூர்மையாகக் கிழித்த எழுத்தாளருக்கும் அந்த ஓரம் கண்ணில் படவில்லை என்பது என் குறை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’ நூலைப் பற்றிப் பேசும்போது நாம் அறையையும் ஆண்டுக்கு 500 பவுண்டையும் சொல்வோம். அந்நூலில் இரண்டு சாப்பாடுகளும் வருகின்றன. ஆண்கள் கல்லூரியில் மீன், கவுதாரி, ஒயின். பெண்கள் கல்லூரியில் ஒரு சூப், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, உலர்ந்த பிளம்ஸ் பழம், குடிக்கத் தண்ணீர். நன்றாகச் சாப்பிடாதவரால் நன்றாகச் சிந்திக்க முடியாது என்பது அவருடைய வாதம். அதைப் பொருட்படுத்தத்தக்க வாதமாக இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் அவருக்கு அந்த 500 பவுண்டு ஓர் அத்தையின் உயில் வழியே வந்ததாக நூல் சொல்கிறது. முந்திரி உடைப்பவருக்கு அப்படி ஓர் அத்தை இல்லை.

அவருக்கு 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்பது அதன் பெயர். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருந்தை ‘ஓசி’ என்றார்கள். தொகையை வாங்கிக்கொண்டு பெண்கள் பூவுக்கும் பவுடருக்கும் செலவு செய்வதாகப் படித்தவர்களே என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக நாமும், ‘இல்லை, பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும்தான் செலவழிக்கிறார்கள்’ என்று வாதாடுகிறோம். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனாலும் இந்தப் பதிலில் நாம் தோற்றுவிடுகிறோம். பூவுக்குச் செலவழித்தால் குற்றம் என்பதை ஒப்புக்கொண்டுதானே மருந்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்? உரிமை என்று பெயரிட்டபின் கணக்குக் கேட்கக் கூடாது. ஆண் தன் கூலியில் டாஸ்மாக்குக்குப் போனதைக் குடும்பத்தின் துயரமாகப் பேசுகிறோம். பெண் ஒரு முழம் மல்லிகை வாங்கியதை அவளுடைய குணமாகப் பேசுகிறோம்.

இடமும் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சுகளைக் காலையில் பாருங்கள். செய்தித்தாள், அரசியல், வடை, எல்லாம் ஆண்களுக்கு. அவர்களுக்கு இணையாக வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியில் பார்சல் வாங்கி நகர்கிறார்கள். அந்த பெஞ்சு எல்லா ஆண்களுக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரட்டைக் குவளை இந்த மாநிலத்தின் பழைய கதை மட்டுமன்று. ஒரு டம்ளர் டீயை உட்கார்ந்து குடிப்பதற்குத் தலித்துகள் போராட வேண்டியிருந்தது. தலித் பெண்ணுக்கு அந்த பெஞ்சு இரண்டு மடங்கு தூரம். ஆகவே சின்னச் சுகம் தனிமனித மனநிலை சார்ந்தது, ‘நீ நினைத்தால் மகிழலாம்’ என்று சொல்லும் வார இதழ் அறிவுரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை.

இங்கே ஒரு தோழியின் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். இதை வாசித்துவிட்டு, “நீ சந்தைக்கு வேலை செய்கிறாய்” என்றார். ‘உனக்கு நீயே பரிசு கொடு’ என்று விளம்பரங்களும் சொல்கின்றன. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைவீட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோன வணிகம் பக்கத்து மாவட்டமான கடலூரில் வேர்கொண்டது. வாரத் தவணைக் கடனில் மிக்சியும் கட்டிலும் வாங்கி, வசூலுக்கு வருபவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்களை எனக்கும் தெரியும். அங்கேயும் அதே அடைத்த கதவுதான். தோழி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கடனில் வரும் பொருள் பெரும்பாலும் வீட்டுக்கானது, சுமை அவளுக்கானது. நான் பேசுவது கடன் வைக்காத, காட்டிக்கொள்ளாத, மறுநாள் கூலியைத் தின்னாத சுகங்களை. பத்து ரூபாய்ப் பாக்கெட்டை வாங்குகிறவளை ஏமாந்தவள் என்று மட்டும் நம்மால் பார்க்க முடிகிறதென்றால், அதுவும் ஒருவகை மேட்டிமைதான். அந்த நுரையும் வாசனையும் அவளுக்கு என்ன தந்தன என்று அவளிடம் கேட்டதுண்டா?

ஒன்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. கூலி உயர வேண்டும், கையுறை வேண்டும், கையில் புண் வராத வேலை வேண்டும். இவற்றைக் கேட்கவேண்டிய இடத்தில் 50 கிராம் முந்திரியைப் பேசுவது கோரிக்கையைச் சின்னதாக்கிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. ஆனால் தனக்கு எதுவும் வேண்டாம் என்று பழக்கப்பட்ட பெண் கூலி உயர்வையும் தனக்காகக் கேட்பதில்லை, பிள்ளைகளுக்காகவே கேட்கிறாள். பிள்ளைகள் வளர்ந்தபின் கேட்பதை நிறுத்திக்கொள்கிறாள். என் அம்மா அப்படித்தான் நிறுத்திக்கொண்டார்.

இப்போது பாடத்திட்டத்தில் உள்ள எந்தப் பிரதியை எடுத்தாலும் மாணவிகளிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கிறேன்: இதில் பெண் எங்கே சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், யார் பார்க்கச் சாப்பிடுகிறாள்? விடைகள் பெரும்பாலும் வெற்றுத்தாளாகவே வருகின்றன. அந்த வெற்றுத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவின் பதினொரு புடவைகளில் ஒன்பதை அத்தைகளும் அக்காவும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த இரண்டில் ஒன்றை, நெல்லிக்காய்ப் பச்சையில் அரக்குக் கரை போட்டதை, சென்ற வாரம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குக் கட்டிப் போனேன். “என்ன விசேஷம் மேடம்?” என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். மாலையில் அதே மளிகைக் கடையில் 50 கிராம் முழுப் பருப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து, வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தின்றேன்.